தட்டில் வந்த லாகூர்

எங்கள் நைனா கண்டக்டர். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாமல் வழியாகப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் அவருக்கு வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தடத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. நல்ல கண்டக்டர் என்பதற்காக அல்ல. காசைக் கொடுத்தால் பையில் போடாமல், திருப்பி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்கிற கண்டக்டர் என்பதற்காக.

ஒருமுறை நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். சந்தையில் கத்தரிக்காய் விற்றுவிட்டு வெறும் கூடையோடு ஏறிய ஓர் அம்மா காசை நீட்டினார்.

“தாமல் ஒண்ணு குடுப்பா.”

நைனா காசைத் திருப்பினார். “ஹைதராபாத்.”

“ஹைதராபாத் இல்லப்பா, தாமலு.”

“நீ தாமல்தாம்மா. காசு ஹைதராபாத்.”

அந்த அம்மா பயந்துவிட்டார். “அய்யய்யே, நான் எங்கயும் போவல சாமி. கத்திரிக்கா வித்த காசு அது. ஒரு மீசக்காரரு குடுத்தாரு. அவரு எந்த ஊரோ எனக்கு இன்னா தெரியும்?”

திருட்டுக் காசு என்று சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. நைனா அவருக்குப் பக்கத்திலேயே குனிந்து, வருஷம் போட்டிருக்கும் எண்ணுக்குக் கீழே விரலை வைத்து விளக்கினார். அங்கே சின்ன நட்சத்திரம் இருந்தால் அந்தக் காசு ஹைதராபாத்தில் அடித்தது. வைரம் மாதிரி, நிமிர்த்தி வைத்த சின்னச் சதுரம் இருந்தால் பம்பாயில் அடித்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப இது செல்லுமா, செல்லாதா?” என்றார். விளக்கம் முடிவதற்குள் வண்டி தாமலைத் தாண்டியிருந்தது.

இந்தப் பைத்தியம் அவருக்கு வேர்க்கடலையில் பிடித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு கடையில் வறுத்த கடலை வாங்கித் தின்றுவிட்டு, மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்துப் படித்திருக்கிறார். ஏதோ வாரப் பத்திரிகையின் அரைப்பக்கம். இந்தியாவில் காசு அடிக்கும் ஊர்கள் எவை, எந்த ஊர்க் காசுக்கு என்ன அடையாளம் என்பதைப் பற்றிய கட்டுரை. பம்பாய் இருந்தது, ஹைதராபாத் இருந்தது. கடைசி வரி இப்படி முடிந்தது: “கல்கத்தாவில் அடிக்கப்படும் காசுகளை அடையாளம் காண்பது மிக மிக எளிது. அவற்றில்” அதோடு தாள் கிழிந்துவிட்டது.

மிக மிக எளிது என்று போட்டிருந்ததுதான் நைனாவை வாட்டியது. மீதித் தாளைத் தேடி அதே கடையில் தினமும் கடலை வாங்க ஆரம்பித்தார். ஒரு பொட்டலம் வாங்கினால் கிழிந்த தாள் வருகிறதா என்று பார்த்துவிட்டு இன்னொன்று வாங்குவார். வாங்கியதை வீணாக்க முடியுமா? வீட்டுக்கு வந்துவிடும். சட்னியில் கடலை, குழம்பில் கடலை, சாயந்திரம் கடலை. வீடு முழுக்க வயிற்றுவலி.

“மீதித் தாளு கெடைக்கற வரைக்கும் நாங்க உயிரோட இருப்போமா?” என்று அம்மா கேட்டாள்.

தாள் கிடைத்தது. ஆனால் கல்கத்தா பகுதி இல்லை, அதற்கும் அடுத்த பகுதி. பழைய வெள்ளி ரூபாயைப் பற்றியது. அதில் தாமரைப்பூ மாதிரி ஒரு பூ கீழே இருக்கும். பூவுக்கு அடியில் புள்ளி இருந்தால் பம்பாய். யுத்த காலத்தில் காசுத் தட்டுப்பாடு வந்தபோது லாகூரிலும் கொஞ்ச நாள் அடித்தார்கள். அந்தக் காசில் பூவுக்கு அடியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இதைப் படித்ததிலிருந்து நைனாவுக்கு லாகூர் நினைப்பாகிவிட்டது. “பாரு, அப்ப நம்ம ஊரு. இப்ப வேற நாடு. ஆனா காசுல மட்டும் இன்னும் நம்மகிட்ட இருக்குது” என்பார். இருக்கிறதே தவிர, கண்ணில் படவில்லை.

கல்கத்தா மட்டும் மர்மமாகவே இருந்தது. பூவா, பறவையா, புள்ளியா என்று ஒவ்வொரு காசாகத் தேடினார். ஏராளமான காசுகளில் எதுவுமே இல்லை. அவற்றையெல்லாம் குறி தேய்ந்துபோனவை என்று ஒதுக்கினார். ஒருநாள் தாமல் ஏரிக்கரை ஓரமாக வண்டி போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் புத்தம்புதுக் காசு ஒன்றைக் கொடுத்தார். அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த மாதிரி மின்னியது. திருப்பினார். வருஷத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தேய்ந்திருக்க வழியே இல்லாத காசு. நைனா விசிலை ஊதிவிட்டார்.

டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள். “இன்னாய்யா ஆச்சு?” என்று ஒரு மாட்டு வியாபாரி கத்தினார்.

“ஒண்ணும் இல்ல!” என்றார் நைனா, கண்ணில் தண்ணீர் வராத குறையாக.

“ஒண்ணும் இல்லாததுக்கா வண்டிய நிறுத்துன?”

“ஆமாய்யா! ஒண்ணும் இல்ல! அதான் கல்கத்தா!”

குறி இல்லாததுதான் கல்கத்தாவின் குறி. அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நைனா அன்றைக்கு எல்லாரிடமும் சிரித்தார். டிரைவர் மட்டும் அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

போகப்போக ஜனங்கள் பழகிவிட்டார்கள். மகன் பம்பாயில் மில் வேலை செய்கிற ஒரு பெரியவர் சில்லறையைப் பம்பாய்க் காசாகவே கேட்டு வாங்கிப் போவார். நைனாவும் பையைத் துழாவி எடுத்துக் கொடுப்பார். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவார்கள்.

இந்த நிலைமையில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற குடும்பம். பையன் தறியில் உட்காரவில்லை. புடவை பார்டருக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைகிற வேலை. பெண் பார்க்க வந்தபோது அவர் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எங்கள் பாயின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் அவருடைய அத்தைதான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா. அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். “பையன் ஊமையில்ல, பேசுவான்” என்று அவரே எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் அம்மா கற்பூரத்தைக் கொளுத்தி நைனாவைக் கூப்பிட்டாள்.

“இன்னிக்கி ஒரு நாளு எந்தக் காசையும் திருப்பிப் பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

“தட்டுல காசு வைப்பாங்களே, வாங்கணுமே?”

“வாங்குங்க. பாக்காதீங்க.”

நைனா சத்தியம் செய்தார். அம்மாவுக்கு அந்தச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில், கிட்டத்தில் பார்க்கிற அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் காசும் அப்பளமும் ஒன்றுதான். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு இருக்க முடியாது என்று நானும் நினைத்தேன். அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அந்த அரிசிப் பானைதான் காரணம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து எதிரெதிராக உட்கார்ந்தோம். ஐயர் லக்னப் பத்திரிகை வாசித்தார். தட்டு மாற்ற வேண்டிய நேரம். அத்தை எங்கள் பக்கம் நகர்த்திய தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, பழம், அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை. புடவையின் மேல் ஒரு பழைய வெள்ளி ரூபாய். அந்த வீட்டு வழக்கமாம். ராஜா முகம் கீழேயும் பூப்போட்ட பக்கம் மேலேயுமாக அது பளபளவென்று படுத்திருந்தது.

நைனா தட்டை இரண்டு கைகளாலும் வாங்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்களை உத்தரத்தின் மேல் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், முயற்சி செய்தார். ஆனால் தட்டு கொஞ்சம் சாய்ந்தது; காசு வழுக்கியது; கீழே விழாமல் இருக்க அவர் குனிந்து அதைப் பிடித்தார். பிடித்த கை அதுவாகவே மூக்கை நோக்கிப் போய்விட்டது. கண்ணைச் சுருக்கினார். காசைத் தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தார்.

“லாகூரு!” என்று கத்தினார்.

ஐயர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னாது?” என்றார் அத்தை. “லாயக்கில்லன்றாரா?”

“லாயக்கில்லன்னு சொல்லலக்கா, லாகூருன்னாரு” என்று அம்மா பதறினாள்.

“எந்த ஊரா இருந்தா இன்னாம்மா? தட்ட வாங்கிக்கினு காச மோந்து பாக்கறாரே உம் புருஷன்? எங்க காசு கள்ளக் காசா?”

மாப்பிள்ளையின் அப்பா சாதுவானவர். அவருக்கே முகம் சிவந்துவிட்டது. “சம்பந்தி, சந்தேகம்னா ஆசாரியக் கூப்டு ஒரசிப் பாத்துக்குங்க. இப்பிடி சபையில வச்சி அவமானப்படுத்தக் கூடாது.”

“அய்யோ, அவமானம் இல்லீங்க!” நைனா எழுந்தே நின்றுவிட்டார். “எத்தினி வருஷமாத் தேடிக்கினு இருக்கேன் தெரியுமா இத? பூவுக்குக் கீழ பாருங்க, எழுத்து இருக்குது. லாகூர்ல அடிச்சது. இதுக்கு வெலையே கெடையாதுங்க!”

இந்த ஒரு வாக்கியம்தான் கூடத்தை இரண்டாகப் பிளந்தது. விலையே கிடையாது என்றால் ஒன்றுக்கும் உதவாது என்று ஒரு பாதி நினைத்துக் கோபத்தோடு எழப் பார்த்தது. விலை சொல்லவே முடியாத அளவுக்கு உசத்தி என்று இன்னொரு பாதி வாயைப் பிளந்தது. அத்தை முதல் பாதியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இரண்டாவது பாதிக்கு மாறினார். மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். புருவம் இறங்கியது, கண் அகன்றது. நைனாவின் விரல்களுக்கு நடுவிலிருந்து காசை லாகவமாக உருவி, முந்தானையில் முடிந்துகொண்டார். தம்பியின் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு நிக்கல் ரூபாயை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

“அது எங்க அப்பா காலத்துக் காசு. தெரியாம வந்துட்ச்சி. இத வச்சிக்குங்க.”

இதுவரை காசு என்றாலே எரிந்து விழுந்துகொண்டிருந்த அம்மாவுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. “தட்டுல வச்சிக் குடுத்தத எடுக்கறது எந்த ஊரு வழக்கம்க்கா? எடுத்தா அது நல்லதா?”

“மோந்து பாக்கறது மட்டும் எந்த ஊரு வழக்கம்?”

“அவரு கண்ணாடி இல்லாம மோந்துதான் பாக்க முடியும்!”

ஐயர் கடிகாரத்தைப் பார்த்து நெளிந்தார். “ராகுகாலம் வந்துண்டிருக்கு. தட்டை மாத்திண்டுட்டு அப்புறம் லாகூருக்கோ கராச்சிக்கோ போய்ட்டு வாங்கோ.”

நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். தலை நிறையப் பூ, கழுத்து நிறைய இரவல் நகை. அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது இந்த நிச்சயம் நின்றால், ஒரு காசுக்காக நின்றது என்று சொல்வார்களா, லாகூருக்காக நின்றது என்று சொல்வார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல் கேட்டது.

“அத்த, அந்தக் காசக் கொஞ்சம் குடு. நான் பாத்துட்டுத் தரேன்.”

மாப்பிள்ளை! எல்லாரும் திரும்பினார்கள். அவர் பாட்டுக்கு எழுந்து வந்து, அத்தை முந்தானையை அவிழ்க்கத் தயங்கியதைக் கண்டுகொள்ளாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அத்தை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார், முந்தானையை விடாமலே. மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். ஜரிகை இழை எண்ணுவதற்காக எப்போதும் வைத்திருப்பாராம். நிச்சயத்துக்கு உடுத்திய புதுச் சட்டையிலும் அது ஏறிவிட்டது. நைனாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு தலைகளும் காசின் மேல் குனிந்து ஒருமுறை முட்டிக்கொண்டன.

“மாமா, இது எழுத்து மாதிரி தெரியலியே. மேடா, உருண்டையா இருக்குது. பத்த வச்ச எடம் மாதிரி இருக்குது.”

“நல்லாப் பாருப்பா. எல்லு. நட்டுக்கா ஒரு கோடு, படுக்கையா ஒரு கோடு.”

“நீங்க பாருங்க.”

நைனா பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது. மாப்பிள்ளை காசைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கத்தில் கிரீடம் வைத்த ராஜா, அழகாகக் கத்தரித்த தாடியோடு இருந்தார்.

“அய்யோ,” என்றார் நைனா. “தாடி ராஜா!”

“தாடி இருந்தா இன்னா?” என்று அத்தை அதட்டினார்.

“லாகூர்ல காசு அடிச்சது இவரு பையன் காலத்துலம்மா. அவருக்குத் தாடி கெடையாது. இவரு இருந்த வரைக்கும் லாகூர்ல அடிக்கவே இல்ல.” நைனா காசைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். “சபையோர் மன்னிக்கணும். கண்ணாடி இல்லாம தப்பாச் சொல்லிட்டேன். இது லாகூரு இல்ல. வெள்ளி வெலதான். எப்பயோ யாரோ வளையம் பத்தவச்சி மாலையில கோத்திருக்காங்க. அந்தத் தழும்புதான் இது.”

மாப்பிள்ளையின் அப்பா தலையில் தட்டிக்கொண்டார். “ஆமா, ஆமா! எங்க அம்மாவோட காசுமாலையில இருந்தது. ஆசாரி தப்பா ராஜாவத் தலைகீழா வச்சிப் பத்தவச்சிட்டான்னு கழட்டிட்டாங்க.”

“தப்பா இல்லடா,” என்றார் அத்தை நிமிர்ந்து. “எங்கப்பா தெரிஞ்சேதான் தலைகீழாத் தொங்கவுடச் சொன்னாரு. வெள்ளக்காரன்னா அவருக்கு ஆவாது.”

இத்தோடு முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். அத்தை மட்டும் விடவில்லை. நைனாவையும் தட்டில் கிடந்த காசையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இப்பதான் வெலையே கெடையாதுன்னு குதிச்சாரு. நான் எடுத்து முடிஞ்சிக்கினதும் ஒண்ணுமே இல்லன்றாரு. எதுக்கு? ஒண்ணுமில்லன்னு நெனச்சி நாங்க இத இங்கயே வுட்டுட்டுப் போவணும்னுதானே?”

உண்மையைச் சொல்வதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கும் என்று நைனாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. “சத்தியமா இல்லம்மா. கற்பூரம் அடிச்சிச் சொல்றேன்” என்றார். காலையில் அடித்த கற்பூரம் அம்மாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “நீங்க சும்மா இருங்க” என்றாள். நைனா எவ்வளவுக்கு எவ்வளவு இல்லை என்றாரோ, அத்தைக்கு அவ்வளவுக்கு அவ்வளவு உறுதியானது. காசு மறுபடியும் முந்தானைக்குப் போனது, இந்தமுறை இரட்டை முடிச்சு.

நிக்கல் ரூபாயோடு தட்டு மாறியது. வாங்கும்போது நைனா முகத்தை வேண்டுமென்றே சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை அவர் காதோரமாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

“மாமா, வருஷத்துக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்குது.”

“பம்பாய்” என்றார் நைனா, உதடு அசையாமல். பிறகு சுவரைப் பார்த்தே சிரித்தார்.

அதுவரை எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. அப்போது வந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மொய்யில் வந்த சில்லறையை மாமனாரும் மருமகனும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்ததால் பந்திக்குக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் எங்கள் வீட்டுக்குப் போனார் என்றால் அது என் அம்மாவைப் பார்க்க அல்ல என்பதை அம்மா சீக்கிரமே புரிந்துகொண்டாள். லாகூர் ரூபாயும் நைனாவுக்குப் பிற்பாடு ஒரு பழைய பித்தளைப் பாத்திரக் கடையில் கிடைத்தது. வாங்கினார், கண்ணாடி போட்டுப் பார்த்தார், டப்பாவில் வைத்தார். சொல்லும்படியாக அதில் எதுவும் நடக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் அத்தையின் காசுதான் பேச்சு. பெட்டிக்குள் ஒரு சிமிழ், சிமிழுக்குள் பட்டுத்துண்டு, துண்டுக்குள் காசு. வீட்டுக்கு யார் வந்தாலும், புடவை பார்க்க வந்த வியாபாரியாக இருந்தாலும், அத்தை அதைக் கொண்டுவந்து காட்டுவார். “லாகூரு” என்பார். “வெலையே கெடையாது. எங்க சம்பந்திக்காரரு இதுக்காக எத்தினி நாடகம் ஆடுனாரு தெரியுமா?” நைனா வருகிற நாளில் மட்டும் பெட்டிக்கு இன்னொரு பூட்டு விழும்.

ஒருநாள் மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். உங்க நைனா அன்னிக்குச் சொன்னது நெசந்தானா?”

“எது அத்த?”

“அதான். ஒண்ணுமில்லன்னது.”

எனக்கு அவரை ஏமாற்ற மனம் வரவில்லை. “நெசந்தான் அத்த. அவருக்குப் பொய் சொல்ல வராது.”

அத்தை முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். “ஆசாரியாண்ட காட்டுனேன். அவனும் அதத்தான் சொன்னான். உங்க நைனா அவனுக்குச் சொல்லி வச்சிருப்பாருன்னு நெனச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “போவட்டும். ஆனா வர்றவங்ககிட்ட நான் இன்னான்னு சொல்லி எடுத்துக் காட்டறது? சொல்லு.”

நான் முறத்தைக் கீழே வைப்பதற்குள் அவரே எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் ஏனாத்தூரிலிருந்து அவருடைய நாத்தனார் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நைனாவும் அன்றைக்குத் தற்செயலாக வந்திருந்தார். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதே அத்தை சிமிழைக் கொண்டுவந்தார். பட்டுத்துண்டைப் பிரித்து, “லாகூரு” என்றார், என்னைப் பார்க்காமல்.

வந்தவர்களில் ஒருவர் நைனாவின் பக்கம் திரும்பினார். “நீங்கதான் காசுக்கெல்லாம் ஊரு சொல்றவராமே? நெசமாவே லாகூரா இது?”

அத்தையின் கை பட்டுத்துண்டில் அப்படியே நின்றது. நைனா காசைக் கையில் வாங்கினார். மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் எங்கெங்கோ தேடுவது அவர் முகத்தில் தெரிந்தது.

“இந்த மாதிரி காசு வேற எந்த வூட்லயும் நான் பாத்ததில்லீங்க” என்றார்.

அத்தை காசை வாங்கி மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கு நைனாவுக்கு மட்டும் காபி இரண்டாவது டம்ளர் வந்தது.